பாறையில் எழுதிய துஆ: முதல் தலைமுறை முஸ்லிம்களின் கீறல் எழுத்துகள்

சுவரில் கிறுக்குவது என்றாலே நம் வீடுகளில் பிள்ளைகளைக் கண்டிக்கும் குரல்தான் முதலில் கேட்கும். வண்ணப் பீச்சுக் குப்பியை எடுத்துக்கொண்டு இரவோடிரவாகச் சுவர்களில் பெயர் எழுதும் மேலைநாட்டு இளைஞர்களின் பழக்கமாகவே 'கிராஃபிட்டி' என்னும் சொல் நம் காதில் விழுகிறது. ஆனால் கீறுதல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது அது. வண்ணத்துக்கும் குப்பிக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே கல்லால் கல்லைக் கீறி மனிதன் எழுதியிருக்கிறான். அவ்வாறு எழுதியவர்களுள் நபித்தோழர்களின் காலத்து முஸ்லிம்களும் உண்டு. ஹிஜாஸின் பாறைகளிலும், ஷாம் தேசத்துப் பாலைகளிலும், நெகேவ் வெளியிலும் அவர்களுடைய எழுத்துகள் இன்றும் நிற்கின்றன. எந்தக் கருவியால், எந்த முறையில், எதற்காக அவர்கள் எழுதினார்கள் என்பதை அறிவது நம் மார்க்க வரலாற்றின் ஒரு பக்கத்தை நேராகக் கண்ணால் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

பாலைவனம் தந்த பலகை

எழுதுகோலைப் பற்றிப் பேசுமுன் எழுதப்படும் பரப்பைப் பற்றிப் பேச வேண்டும். அரேபியாவின் பாறைகள் இருவகையில் எழுத்துக்கு இணக்கமானவை. அல்உலா, ஹிஜ்ர் முதலிய பகுதிகளில் செந்நிற மணற்கல் மலைகள் உள்ளன. அவை மென்மையானவை, கூரிய முனையால் கீறினாலே கோடு விழும். வடக்கே ஜோர்டான், தென்சிரியா வரை பரந்து கிடக்கும் 'ஹர்ரா' எனப்படும் எரிமலைக் கல்வெளிகளில் கருநிறப் பாறைத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அவை கடினமானவை, கொத்தித்தான் எழுத வேண்டும்.

இவ்விரு வகைப் பாறைகளின் மேலும் காலப்போக்கில் ஒரு மெல்லிய கரும்படலம் படிகிறது. காற்று கொண்டுவரும் மண்ணிலுள்ள மாங்கனீசும் இரும்பும் ஆக்சைடுகளாகி, களிமண்ணோடு கலந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாறையின் மேல் தோலாகப் படிவதால் உண்டாவது அது. இந்தத் தோலை மட்டும் உரித்துவிட்டால் உள்ளேயிருக்கும் வெளிர் நிறம் தெரியும். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதைப் போல எழுத்து பளிச்சென்று நிற்கும். ஆழமாகச் செதுக்க வேண்டிய தேவையே இல்லை. பாலைவழிப் பயணி ஒருவர் சிறிது நேரம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் தம் பெயரையும் ஒரு துஆவையும் எழுதிவிட்டுச் செல்ல முடிந்ததற்கு இதுவே காரணம்.

எழுத்தின் மேலும் அதே படலம் மீண்டும் மெல்ல மெல்லப் படிந்துகொண்டே வரும். ஆகவே ஒரே பாறையில் மிகப் பழைய எழுத்து மங்கிய நிறத்திலும், பிந்தைய எழுத்து வெளிர் நிறத்திலும் காணப்படும். எது முந்தியது, எது பிந்தியது என்று உய்த்துணர ஆய்வாளர்க்கு இந்த நிற வேறுபாடும் ஒரு துணையாகிறது.

கருவிகளும் முறைகளும்

அம்மி கொத்துபவர் தெருவில் வந்த காலம் நம் மூத்தோர் நினைவில் இருக்கும். சிற்றுளியை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாகக் கல்லைப் பொளிந்து கொடுப்பார். பாறை எழுத்தின் முதன்மையான முறையும் இத்தகையதே. எழுத்தின் வடிவம் முழுவதும் நெருக்கமான சிறு குழிகளால் அமையும். கையில் ஏந்திய கடினமான கல்லொன்றால் பாறையை நேராகத் தட்டுவது ஒரு வகை. கூரிய கல்லையோ உளியையோ பாறையில் பொருத்தி, அதன் தலையில் வேறொரு கல்லால் அடிப்பது மற்றொரு வகை. முதல் வகையில் குழிகள் சிதறி விழும். கோட்டின் ஓரம் ஒழுங்காக இராது. இரண்டாம் வகையில் ஒவ்வோர் அடியும் நினைத்த இடத்தில் விழும். எழுத்து மெலிந்தும் தெளிந்தும் வரும்.

கீறுதல் அடுத்த முறை. சிக்கிமுக்கிக் கல்லின் கூர்விளிம்போ கத்தி முனையோ போதும். விரைவாக எழுதலாம், வளைவுகளும் எளிதாக வரும். ஆனால் கோடு மெலிதாக இருப்பதால் விரைவில் மங்கும். தேய்த்தல் மூன்றாவது முறை. முதலில் கொத்திய கோட்டைக் கல்லால் உரசி உரசி மழமழப்பாக்குவது அது. பொறுமையுள்ளவரே இதைச் செய்திருப்பார். நான்காவதாக, தேர்ந்த கல்தச்சர் இரும்பு உளியால் ஆழமாகச் செதுக்கும் முறை. கட்டடங்களிலும் கல்லறைக் கற்களிலும் இதனைக் காணலாம்.

கருவி எழுத்தின் வடிவத்தையும் பாதிக்கும். நாணற்பேனா தோலிலும் பப்பைரஸ் தாளிலும் வழுக்கிக்கொண்டு ஓடும். வளைவு அதற்கு இயல்பு. கல்லோ நேர்கோட்டை விரும்புகிறது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுப் பாறை எழுத்துகளில் கோணங்கள் மிகுந்து, நெடுங்கோடுகள் ஓங்கி நிற்பதற்குக் கல்லின் இயல்பும் ஒரு காரணமாகும். ஆயினும் இவ்வெழுத்துகள் பேனா பிடித்துப் பழகிய கையின் வேலையே என்பதை உற்றுநோக்குவோர் உணர்வர். எழுத்துகள் இணையும் இடமும் சொல்லின் நீட்சியும் ஏட்டில் எழுதியவரின் பழக்கத்தையே காட்டுகின்றன.

இவையன்றிக் கட்டடங்களுக்குள் மையாலும் எழுதினர். ஜோர்டானில் உள்ள கஸ்ர் கரானா என்னும் உமையாக்கள் காலக் கட்டடத்தின் மேல்தள அறையொன்றில், அப்துல் மலிக் இப்னு உபைத் என்பவர் ஹிஜ்ரி 92 முஹர்ரம் மாதத்தில், அதாவது கி.பி. 710இல், கரிய மையால் சுவரில் எழுதிய பிரார்த்தனை கிடைத்துள்ளது. வெயிலும் மழையும் படாத உட்சுவராதலால் மையெழுத்து நூற்றாண்டுகள் கடந்தும் பிழைத்தது.

ஸுஹைர் எழுதிய ஓர் ஆண்டு

இப்பாறை எழுத்துகளுள் மிகவும் புகழ்பெற்றது அல்உலாவுக்கும் ஹிஜ்ருக்கும் இடையே காஉல் முஅத்ததில் என்னும் இடத்தில் செந்நிற மணற்கல்லில் அமைந்தது. சவூதி ஆய்வாளர் அலீ இப்னு இப்ராஹீம் அல்கப்பான் 1999இல் இதனைக் கண்டறிந்தார். யுனெஸ்கோவின் 'உலக நினைவுப் பதிவேட்டில்' 2003இல் இது இடம்பெற்றது. அல்லாஹ்வின் திருப்பெயரோடு தொடங்கி, ஸுஹைர் ஆகிய தாம் உமர் இறந்த காலத்தில், இருபத்து நான்காம் ஆண்டில் இதனை எழுதியதாக ஒருவர் கூறுகிறார். அவ்வளவுதான் செய்தி.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 23 துல்ஹஜ் மாத இறுதியில் தாக்கப்பட்டு, புத்தாண்டு பிறக்கும் தறுவாயில் மறைந்ததை நம் வரலாற்று நூல்கள் கூறும். ஹிஜ்ரி 24 கி.பி. 644 நவம்பரில் தொடங்கியது. மதீனாவின் துயரச் செய்தி வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் பரவிய அதே காலத்தில் ஒரு மனிதர் அதனைப் பாறையில் பொறித்திருக்கிறார். உமர் (ரலி) அவர்களைப் பெயரிட்டுக் கூறும், ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கல்வெட்டாக இது கருதப்படுகிறது.

எழுதியவர் யார்? அருகிலேயே கிடைத்த மற்றொரு கீறல் அதற்கு விடை தருகிறது. ஷைபாவின் மகளுடைய மவ்லா என்று ஸுஹைர் தம்மை அதில் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். ஒரு பெண்மணியின் குடும்பத்தைச் சார்ந்து வாழ்ந்தவர். படைத்தலைவரோ ஆளுநரோ அல்லர். அவருக்கு எழுதத் தெரிந்திருந்தது. நாட்டின் தலைவர் மறைந்ததை ஆண்டுக் கணக்கோடு குறித்து வைக்க வேண்டும் என்னும் உணர்வும் இருந்தது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஏற்படுத்தப்பட்ட ஹிஜ்ரி ஆண்டுமுறை சில ஆண்டுகளுக்குள் சாதாரண மக்களின் வழக்கில் கலந்துவிட்டதற்கு அவர் கையெழுத்தே சான்று.

இன்னொரு செய்தியும் அந்தப் பாறையில் உண்டு. ஒரே வடிவுள்ள அரபு எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகள் அதில் ஆங்காங்கே இடப்பட்டுள்ளன. உமையாக்கள் ஆட்சியில் ஹஜ்ஜாஜின் காலத்திலேதான் இப்புள்ளிகள் புகுத்தப்பட்டன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. வியன்னாவில் பாதுகாக்கப்படும் ஹிஜ்ரி 22ஆம் ஆண்டுப் பப்பைரஸ் ஆவணமும் ஸுஹைரின் பாறையும், புள்ளியிடும் வழக்கம் அதற்குப் பல பத்தாண்டுகள் முந்தியது என்று மெய்ப்பித்துவிட்டன.

இது ஏன் நமக்கு முக்கியம்? இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டைப் பற்றிய வரலாற்று நூல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை. ஆகவே அவற்றை நம்பலாகாது என்று 1970களில் மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்துக்கு உணர்ச்சியால் மறுமொழி கூறுவது எளிது. சான்றால் மறுமொழி கூறுவதே பயன் தரும். பிற்காலத்தவர் எவரும் தொகுக்காத, திருத்தாத, படியெடுக்காத சொற்கள் பாறையில் உள்ளன. அவை எல்லா வினாக்களுக்கும் விடை கூறுவதில்லை. ஆனால் எழுதியவருக்கும் நமக்கும் இடையே எந்த இடைத்தரகரும் இல்லை.

எதை எழுதினார்கள்?

இஸ்லாத்துக்கு முந்திய காலத்திலும் ஹர்ரா வெளியின் நாடோடிகள் பாறைகளில் எழுதினர். ஸஃபாயீ எழுத்துகள் எனப்படும் அவை பல்லாயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று வரிசையாக எழுதி, மேய்ச்சலையும் மழையையும் இழந்த உறவினரையும் குறிப்பிட்டு, லாத் முதலிய தெய்வங்களிடம் பாதுகாப்பு வேண்டினர். தம் எழுத்தை அழிப்பவன் கண் குருடாகட்டும் என்று பலர் சாபமும் இட்டனர்.

ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் அதே நிலத்தில், அதே வகைப் பாறையில், அதே கருவிகளால் எழுதப்பட்டவற்றைப் பாருங்கள். பெயரும் தந்தை பெயரும் அப்படியே உள்ளன. பெயருக்கு முன்னே வரும் சொல் மாறிவிட்டது. யா அல்லாஹ், இன்னாரின் மகன் இன்னாருடைய பாவத்தை மன்னிப்பாயாக என்பதே மிகுதியாகக் காணப்படும் வாசகம். முந்திய பாவமும் பிந்திய பாவமும் மன்னிக்கப்பட வேண்டும் என்று சிலர் விரித்து எழுதினர். சிலர் சுவனத்தைக் கேட்டனர். சிலர் இறையச்சத்தை வலியுறுத்தினர். சிலர் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து எழுதினர். சிலர் குர்ஆன் வசனங்களைப் பொறித்தனர். தன் குலத்தின் வீரத்தைப் பாடிய ஒரு சமுதாயத்தின் பேரர்கள், யாரும் காணாத பாறையிடுக்கில் தம்மைப் பாவியென்று எழுதிச் சென்றிருக்கிறார்கள்.

இவற்றுள் உள்ளத்தை மிகவும் தொடும் வழக்கம் ஒன்றுண்டு. தமக்கு மன்னிப்பு வேண்டிய பின், இதனைப் படித்து 'ஆமீன்' கூறுபவருக்கும் அல்லாஹ் மன்னிப்பு அருள்வானாக என்று முடிப்பது அது. கஸ்ர் கரானாவின் மையெழுத்திலும் இத்தகைய வேண்டுதலைக் காணலாம். எழுத்தை அழிப்பவனைச் சபித்த நிலத்தில், எழுத்தைப் படிப்பவனுக்காகப் பிரார்த்திக்கும் வழக்கம் வேரூன்றியது. எழுதியவர் தம் காலத்துப் பயணிகளை மனத்தில் கொண்டே எழுதினார். எனினும் இன்று அதனைப் படித்து ஆமீன் கூறும் நாமும் அந்தத் துஆவுக்குள் அடங்குகிறோம்.

சில எழுத்துகள் பெருநிகழ்ச்சிகளையும் நாள்குறிப்பாகப் பதிந்துள்ளன. தாயிஃபுக்கு அருகே அர்ரய்யான் இப்னு அப்தில்லாஹ் என்பவர் தம் ஈமானுக்குச் சாட்சி கூறி எழுதியபின், மஸ்ஜிதுல் ஹராம் கட்டப்பட்ட எழுபத்தெட்டாம் ஆண்டில் இது எழுதப்பட்டது என்று குறித்துள்ளார். ஹிஜ்ரி 78 என்பது கலீஃபா அப்துல் மலிக்கின் ஆட்சிக்காலம். புனிதப் பள்ளியின் திருப்பணியைத் தம் வாழ்வின் ஆண்டுக் குறியாக ஒரு சாமானியர் கொண்டிருந்தார்.

இதே தாயிஃபில் ஹிஜ்ரி 58இல் முஆவியா (ரலி) அவர்களுக்காகக் கட்டப்பட்ட அணையின் கல்வெட்டும் உள்ளது. கட்டியவர் பெயரும் எழுதியவர் பெயரும் அதில் முறையாக உண்டு. அது அரசின் கல்வெட்டு, ஆணையின்பேரில் பொறிக்கப்பட்டது. அதிலும் ஆட்சியாளருக்காக இறைவனிடம் கேட்கப்படுவன மன்னிப்பும் உறுதியும் உதவியுமே. ஆட்சியாளரும் மவ்லாவும் ஒரே மொழியில் ஒரே வாசலில் நின்று கேட்டதைக் கற்கள் காட்டுகின்றன.

எங்கும் எழுதலாமா?

அப்படியானால் சுவரில் எழுதுவதை நம் முன்னோர் முழுவதும் ஏற்றனரா என்று கேட்கலாம். இல்லை. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்கள் தம் மகன் குர்ஆன் வசனத்தைச் சுவரில் எழுதுவதைக் கண்டு அடித்துத் தடுத்ததாக இமாம் குர்துபீ தம் தஃப்ஸீரின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். இறைவசனம் அழுக்குப் படும் இடத்தில் இருக்கலாகாது, மிதிபடலாகாது என்பதே அக்கண்டிப்பின் உட்பொருள். ஒரே நூற்றாண்டில் பாறையில் வசனம் பொறித்தவர்களும் இருந்தனர். சுவரில் எழுதியதைக் கண்டித்தவர்களும் இருந்தனர். எழுதுவது நல்ல சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது, அந்த இடம் யாருடையது, நாளை அதற்கு என்ன நேரும் என்பனவும் கேட்கப்பட வேண்டிய வினாக்களே.

நம் காலத்துக் கருவி வேறு. நார்வே நாட்டு எரிக் ரோத்தைம் 1920களில் அழுத்த வாயுவால் பீச்சும் குப்பியை உருவாக்கினார். அமெரிக்காவின் எட்வர்ட் சீமோர் 1949இல் அதில் வண்ணத்தை அடைத்தார். குப்பிக்குள் வண்ணமும், அதை உந்தும் வாயுவும், குலுக்கும்போது கலக்க ஒரு சிறு குண்டும் இருக்கும். மேலே பொருத்தும் மூடியின் துளை குறுகினால் கோடு மெலியும், அகன்றால் தடிக்கும். சுவரைத் தொடாமலே எழுதலாம். கல்லில் அரைநாள் எடுத்த வேலை இங்கு அரைநிமிடத்தில் முடியும். கை யோசிப்பதற்குள் எழுத்து முடிந்துவிடுவதே இக்கருவியின் வசதியும் ஆபத்தும் ஆகும்.

அதே குப்பியைப் பொறுப்போடு கையாண்டவர்களும் உண்டு. பிரான்சில் பிறந்த துனீசிய வம்சாவளிக் கலைஞர் எல் ஸீத், 2012இல் துனீசியாவின் காபிஸ் நகரிலுள்ள ஜாரா பள்ளிவாசலின் மினாராவில், மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே பல சமூகங்களாகப் படைக்கப்பட்டனர் என்னும் கருத்தமைந்த ஹுஜுராத் அத்தியாயத்தின் வசனத்தை அரபு எழுத்தணிக் கலையாக வரைந்தார். பள்ளியின் இமாமுடைய இசைவோடு நடந்த பணி அது. எகிப்தில் ஹஜ்ஜை முடித்துத் திரும்பியவரின் வீட்டு முகப்பில் கஅபாவையும், அவர் சென்ற கப்பலையோ விமானத்தையோ, ஹஜ் செய்த ஆண்டையும் தூரிகையால் வரைவது நாட்டுப்புற வழக்கமாகவே இருந்து வருகிறது. வீட்டார் விரும்பி அழைத்து வரையச் செய்யும் சுவரோவியம் அது. இரண்டிலும் சுவருக்குரியவரின் சம்மதம் முதலில் இருக்கிறது.

மாறாக, பழைய எழுத்துகளின் மேலேயே வண்ணக் குப்பியால் தம் பெயரை எழுதிச் செல்வோரும் பெருகிவிட்டனர். பதின்மூன்று நூற்றாண்டு வெயிலும் காற்றும் அழிக்காததை ஒரு நிமிடப் பீச்சல் மறைத்துவிடுகிறது. வண்ணத்தைக் கரைக்கும் திரவத்தால் துடைத்தால் பாறையின் மேற்படலமும் சேர்ந்து பழுதுபடும். அப்படலம் மீண்டும் படிய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். ஒருவர் தம் பெயரை எழுதுவதற்காக இன்னொருவரின் துஆவை அழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

நம் கைக்கு எட்டும் கற்கள்

ஹிஜாஸ் வரை செல்லாமலே இப்பாடத்தைக் கற்கலாம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்களை ஒட்டிய அடக்கத்தலங்களில் அரபு எழுத்துப் பொறித்த மீசான் கற்கள் உள்ளன. பெயர், தந்தை பெயர், ஹிஜ்ரி ஆண்டு, மன்னிப்பு வேண்டும் ஒரு சொல் ஆகியவற்றைத் தாங்கிய கற்களை அங்கே காணலாம். ஸுஹைரின் வழிவந்த எழுத்து மரபு அது. உப்புக்காற்று அவற்றின் மேற்பரப்பை உதிர்க்கிறது. புதுக் கட்டுமானத்தின்போது கேட்பாரற்று அப்புறப்படுத்தப்படும் அபாயமும் அவற்றுக்கு உண்டு.

இவற்றைக் காப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. சவூதியில் 'ஃபரீக்குஸ் ஸஹ்ரா' என்னும் பாலைவனக் குழுவினர், தொழில்முறை ஆய்வாளர் அல்லாதவர்களாயினும், பாலைகளில் சுற்றிப் பாறை எழுத்துகளைப் படம் பிடித்து உலகுக்கு வழங்கினர். நம் பிள்ளைகளும் அதைச் செய்யலாம். கல்லைக் கழுவவோ, எழுத்தின் மேல் சுண்ணமோ மஞ்சளோ பூசவோ கூடாது. காலையில் சூரியன் எழுந்த சிறிது நேரத்திலோ, மாலை அஸ்ருக்குப் பின் வெயில் சாய்ந்த வேளையிலோ படம் எடுக்க வேண்டும். சாய்ந்த ஒளியில் பள்ளங்களில் நிழல் விழுந்து, உச்சி வெயிலில் தெரியாத எழுத்தும் எழுந்து நிற்கும். முழுக் கல்லுக்கு ஒரு படம், எழுத்துக்கு ஒரு படம், அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோல், ஊர்ப்பெயர், இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். அரபு அறிந்த ஆலிம் ஒருவரோடு அமர்ந்து வாசித்தால், தம் ஊரின் வரலாற்றை அவர்களே எழுதத் தொடங்குவார்கள்.

திருக்குர்ஆனில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்களே எழுதுகோலைப் பேசுகின்றன. அந்த எழுதுகோல் கிடைக்காத இடத்தில் ஒரு கூழாங்கல்லை எடுத்து எழுதினார்கள் அவர்கள். புகழை வேண்டி எழுதியிருந்தால் அந்தப் பெயர்கள் நமக்கு வெறும் பெயர்களாகவே இருந்திருக்கும். மன்னிப்பை வேண்டி எழுதியதால் படிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை ஏற்பட்டிருக்கிறது. அடுத்த முறை பழைய மீசான் கல் ஒன்றின் அருகே நிற்கும்போது, எழுத்து மங்கிப் பெயர் தெரியாவிட்டாலும், அக்கடமையை நாம் நிறைவேற்றலாம். ஆமீன் என்ற ஒரு சொல்லே அதற்குப் போதுமானது.